பட்டமும் தவணையும்

இயந்திரப் பொறியியல் படிப்பதற்குக் கடன் வாங்கலாமா, வாங்கினால் அதை அடைக்கும் அளவுக்கு அந்தப் படிப்பு சம்பாதித்துக் கொடுக்குமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கல்வியின் பெருமையை விளக்குவது என் நோக்கமன்று. அதை எவரும் மறுக்கவில்லை. இது ஒரு குடும்பக் கணக்கு. ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பல வீடுகளில் இந்தக் கணக்கு எழுகிறது. எழுந்த வேகத்திலேயே, போடப்படாமல், ஒரு கையெழுத்தில் முடிந்தும் விடுகிறது. அந்தக் கையெழுத்துக்கு முன் என்னென்ன எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதை, இந்த வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இயந்திரத்தின்மேல் உள்ள பற்று இயல்பானது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய தொழிலே பின்னாளில் எம்.ஆர்.எப். என்ற டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1948-இல் எண்ணூரில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் தொடங்கியது. 1969-இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையமும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. ஆலைச் சங்கின் ஓசையைக் கேட்டே பொழுதைக் கணித்த தெருக்கள் இங்கே உண்டு. அத்தகைய தெருவில் பிறந்த பிள்ளை 'மெக்கானிக்கல் படிக்கப் போகிறேன்' என்று சொல்வதில் வியப்பென்ன இருக்கிறது?

ஆனால் இந்தப் பற்றுக்கும் இன்றைய வேலைச் சந்தைக்கும் இடையே சில மாற்றங்கள் நிகழ்ந்துவிட்டன. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. புதிய வாகனத் தொழிற்சாலைகள் நகரின் தென்மேற்கே எழுந்தன. ஹூண்டாய் கார்கள் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியாகத் தொடங்கின. திருவொற்றியூரில் வேரூன்றிய ராயல் என்பீல்டும் 2013-இல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்தது. ஆகவே வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போன தந்தையின் மகன், இன்று வேலைக்காக வீட்டை விட்டு அறை எடுத்துத் தங்கவேண்டியிருக்கிறது. அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அவனுடைய முதற் சம்பளத்திலிருந்தே போகவேண்டும்.

பட்டத்தின் மதிப்பும் மாறியிருக்கிறது. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் 1894-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. நெடுங்காலம் அந்தப் பட்டம் பெற்றவர்கள் மிகச் சிலரே. பட்டம் அரிதாக இருந்தவரை பட்டமே உத்தியோகமாக இருந்தது. 1984-க்குப் பிறகு சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. 2007-இல் நுழைவுத் தேர்வும் நீங்கியது. ஒரு கட்டத்தில் தமிழகத்தின் பொறியியற் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது என்ற வகையில் இது பெரிய நன்மையே. எனினும், பட்டம் உத்தியோகமாக இருந்த நிலை போய், உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போடும் தகுதியாக அது நின்றுவிட்டது. பெற்றோர் பலர் பழைய மதிப்பை நினைத்துப் புதிய விலையைக் கொடுக்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஒரு செயலில் இறங்குமுன் மூன்றை எண்ணச் சொல்கிறார்: செலவாவது எது, அதனால் உண்டாவது எது, பின்னர் அது தொடர்ந்து தரும் ஊதியம் எது. நம் கணக்கையும் இந்த மூன்று தலைப்பிலேயே போட்டுப் பார்ப்போம்.

முதலில் செலவு. 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி, சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் ரூ. 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவானால் ரூ. 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் இவை முறையே ரூ. 85,000, ரூ. 87,000. இவற்றோடு பேருந்து, தேர்வுக் கட்டணம், நூல்கள், வரைபடக் கருவிகள், பட்டறைச் சீருடை எல்லாம் சேரும். கணக்கின் எளிமைக்காக ஆண்டுக்கு ஓர் இலட்சம், நான்கு ஆண்டுக்கு 4 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த கல்விக்கடன் திட்டப்படி, 4 இலட்சம் வரை ஈடோ ஜாமீனோ தேவையில்லை. ஆனால் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடவேண்டும். இதைப் பலர் 'சும்மா ஒரு கையெழுத்து' என்றே நினைக்கிறார்கள். உண்மையில், தவணை தவறினால் பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயரும் கடன் பதிவேட்டில் கெடும். பிறகு அவர் படகு எஞ்சினுக்கோ ஆட்டோவுக்கோ கடன் கேட்டுப் போனால் அந்தப் பதிவே குறுக்கே நிற்கும்.

இனி வட்டி. நூற்றுக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் என்று கொள்வோம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மாதம் 83 காசு வட்டி. படிக்கும் நான்கு ஆண்டும், அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்டவேண்டியதில்லை. இந்த விலக்குக் காலத்தைப் பலர் வட்டி இல்லாத காலம் என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படியன்று. முதலாண்டு வாங்கிய இலட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி ரூ. 50,000. அடுத்தடுத்த ஆண்டுகளில் வாங்கியவற்றுக்கு ரூ. 40,000, ரூ. 30,000, ரூ. 20,000. ஆக ரூ. 1,40,000. தவணை தொடங்கும் நாளில் 4 இலட்சம், 5,40,000 ஆகியிருக்கும். பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ. 7,136, மொத்தம் கட்டுவது ரூ. 8,56,000-க்கு மேல். பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை ரூ. 5,803 ஆகக் குறையும். மொத்தமோ 10 இலட்சத்து 44 ஆயிரத்தைத் தொடும். தவணை சிறியது என்பதால் கடன் சிறியதாகிவிடாது.

இத்துடன் ஒரு மறைவான செலவும் உண்டு. அது இழந்த சம்பளம். பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு படித்தவன், பொறியியல் மாணவனைவிட மூன்று ஆண்டு முன்னதாகவே வேலைக்குப் போய்விடுகிறான். அவன் மாதம் ரூ. 12,000 வாங்குவதாகக் கொண்டால், அந்த மூன்று ஆண்டில் ரூ. 4,32,000. பட்டப்படிப்பின் செலவு 4 இலட்சம், விலக்குக் கால வட்டி 1,40,000, இழந்த சம்பளம் 4,32,000 ஆகிய மூன்றையும் கூட்டினால் ரூ. 9,72,000. பட்டத்தின் உண்மையான விலை இது. கடன் திருப்பும் காலத்து வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை.

இரண்டாவது, வரவு. பட்டதாரி, டிப்ளமாக்காரரைவிட மாதம் ரூ. 6,000 கூடுதலாக வாங்கினால், அந்த 9,72,000-ஐ ஈடுகட்டப் பதின்மூன்றரை ஆண்டு ஆகும். கூடுதல் ரூ. 15,000 ஆனால் ஐந்தரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். ஆகவே 'மெக்கானிக்கல் படித்தால் லாபமா?' என்ற பொதுக் கேள்விக்கு விடை கிடையாது. எந்தக் கல்லூரியில், எவ்வளவு கடனில், எந்த முதற் சம்பளத்துக்காக என்று கேட்டால்தான் விடை உண்டு.

முதற் சம்பளம் எவ்வளவு குறைவாக இருக்கக்கூடும் என்பதை ஒரு சட்ட எண்ணே காட்டும். பயிலுநர் விதிகள் 2019-இல் திருத்தப்பட்டபோது, பட்டதாரிப் பயிலுநருக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாத உதவித்தொகை ரூ. 9,000, டிப்ளமாப் பயிலுநருக்கு ரூ. 8,000. வாசலில் நுழையும்போது இருவருக்கும் இடையே உள்ள வேற்றுமை 1,000 ரூபாய்தான். 9,000-இல் 7,136-ஐத் தவணைக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் ரூ. 1,864. அதை வைத்து ஒரகடத்தில் எத்தனை நாள் சாப்பிட முடியும்? படிப்பு முடிந்த கையோடு பயிற்சி கிடைத்தால் அது விலக்கு ஆண்டுக்குள் முடிந்துவிடும். எட்டு மாதம் தாமதமானாலோ, பயிற்சியும் தவணையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

தொழிலின் ஏற்ற இறக்கத்தையும் மறக்கலாகாது. 2019-ஆம் ஆண்டு வாகன விற்பனை சரிந்தபோது, செப்டம்பரில் எண்ணூர் லாரித் தொழிற்சாலையில் 16 நாட்கள் வேலையில்லா நாட்களாக அறிவிக்கப்பட்டன. மறைமலைநகரில் போர்டு நிறுவனத்தின் கார் உற்பத்தி 2022-இல் நின்றது. தொழிற்சாலைக்கு வேலையில்லா நாள் உண்டு. தவணைக்கு விடுமுறை நாள் இல்லை.

இங்கிலாந்தில் மாணவர் கடன் வேறு விதமாக அமைந்திருக்கிறது. அங்கே வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்டவேண்டும். தாண்டிய பகுதியில் நூற்றுக்கு ஒன்பது மட்டுமே பிடிக்கப்படும். ஆஸ்திரேலியா 1989-இலேயே சம்பளத்தோடு இணைந்த இத்தகைய முறையைத் தொடங்கிற்று. அம்முறைகளிலும் குறைகள் உண்டு. ஆயினும் வேலையற்றவனிடம் தவணை கேட்பதில்லை என்ற ஒரு காப்பு அங்கே இருக்கிறது. நம் வங்கிக் கடனில் அந்தக் காப்பு இல்லை. ஆகவே அந்தக் காப்பை நாமே முன்யோசனையால் உண்டாக்கிக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, தொடர்ந்து வரும் ஊதியம். இங்கே பட்டத்தின் பக்கம் தராசு சாய்வதை நான் மறைக்கமாட்டேன். மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் பதவி, மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வு, பொதுத்துறை ஆலைகளின் பொறியாளர் பதவி ஆகியவற்றுக்குப் பட்டம் வேண்டும். இயந்திரப் பொறியியல் பட்டதாரி ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் கப்பல் பொறியாளராகும் வழியும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். எங்கள் ஆலையில், கடைசல் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லக்கூடிய ஒரு டிப்ளமாக்காரர் இருந்தார். இருபது ஆண்டுக்குப் பின்னும் அவர் பெயர் மேலாளர் பட்டியலில் ஏறவில்லை. அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட பட்டதாரிகள் அவரைக் கடந்து மேலே போனார்கள். அந்தக் குறை அவர் மனத்தை எவ்வளவு அரித்தது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பணக் கணக்கில் இது ஏறாது. வாழ்க்கைக் கணக்கில் ஏறும்.

ஆகவே பட்டத்தை விடவேண்டும் என்பதல்ல என் கருத்து. பட்டத்தைக் குறைந்த கடனில் அடையவேண்டும் என்பதே. அதற்கு வழிகள் உண்டு.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அதில் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதற் பட்டதாரியாக வருவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் அவசரமாக இடம் பிடித்தவர்கள் இதை இழக்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு விலக்குக் கால வட்டியை மத்திய அரசு செலுத்தும் திட்டம் ஒன்று 2009 முதல் உண்டு. கல்லூரியோ பாடப்பிரிவோ உரிய தரச்சான்று பெற்றிருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. சேருமுன் அந்தச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது ரூ. 1,40,000 பெறுமானமுள்ள கேள்வி.

அந்தச் சலுகை இல்லாவிட்டாலும் படிக்கும்போதே வட்டியை மாதந்தோறும் கட்டிவிடலாம். முதலாண்டில் அது மாதம் ரூ. 833 தான். புதுமைப் பெண் திட்டத்திலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் தகுதியுள்ள மாணவருக்கு வரும் மாதம் ஆயிரம் ரூபாய் இதற்குப் போதும். இரண்டாம் ஆண்டில் ரூ. 1,667, பிறகு ரூ. 2,500, அதன்பின் ரூ. 3,333 என்று ஏறும். இவ்வாறு கட்டி வந்தால் தவணை தொடங்கும் நாளில் அசல் 4 இலட்சமாகவே நிற்கும். மாதத் தவணை ரூ. 7,136-க்குப் பதில் ரூ. 5,286 ஆகும்.

வங்கிக் கடன் போதாதென்று தெருவில் 'மூன்று வட்டிக்கு' வாங்குவது மட்டும் வேண்டாம். ஐம்பதாயிரம் வாங்கினால் மாதம் 1,500. நான்கு ஆண்டில் வட்டியாக மட்டும் ரூ. 72,000 போனபின்னும் அசல் அப்படியே இருக்கும்.

மற்றொரு பாதை டிப்ளமா. சென்னையில் 1916-இல் தொழிற்பள்ளியாகத் தோன்றிய மத்திய பாலிடெக்னிக் முதல் அரசுப் பாலிடெக்னிக்குகள் பல உள்ளன. அங்கே ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். டிப்ளமா முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இவ்வாறே செய்தாள். டிப்ளமாவுக்குப் பின் மூன்று ஆண்டு ஒரு பட்டறையில் அளவுச் சோதனைப் பிரிவில் வேலைபார்த்தாள். சேர்த்த பணத்தோடு கல்லூரிக்குப் போனாள். வகுப்பில் எல்லாரும் தன்னைவிட இளையவர்கள் என்பது முதலில் அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்துப் பழகியவளுக்கு அளவியல் பாடம் புதிதாக இல்லை. கடன் ஒன்றே முக்கால் இலட்சத்தோடு நின்றது.

எல்லாரும் அந்தப் பாதையில்தான் போகவேண்டுமென்பதில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகன் கடன் வாங்கி நல்ல கல்லூரியில் படித்து, கல்லூரியிலேயே வேலை பெற்று, ஆறு ஆண்டில் கடனை முடித்தான். இன்னொருவனும் ஏறக்குறைய அதே தொகையைக் கடன் வாங்கினான். கணிதத்திலும் வெப்ப இயக்கவியலிலும் பாடங்கள் நிலுவையாகி, நான்காம் ஆண்டு முடிவில் பட்டம் கைக்கு வரவில்லை. தவணைக் கடிதம் மட்டும் வந்தது. காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் அவனுடைய தாயார் என்னிடம், "சார், படிச்சு முடிக்காத படிப்புக்கும் பணம் கட்டணுமா?" என்று கேட்டார். கட்டத்தான் வேண்டும். கடன் பத்திரம் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. எல்லாக் கடனிலும் மோசமானது பட்டம் கிடைக்காத படிப்புக்கு வாங்கிய கடனே. ஆகவே முதல் இரண்டு பருவத் தேர்வுகளில் பாடங்கள் தவறினால், அதைக் குடும்பத்துக்கு மறைக்காமல் உடனே சொல்லும் துணிவு பிள்ளைக்கு வேண்டும். கேட்டுக் கோபிக்காமல் வழி தேடும் பொறுமை பெற்றோருக்கு வேண்டும்.

இறுதியாக, நான் என்னிடம் வருவோருக்குச் சொல்லும் ஓர் அளவுகோல் உண்டு. மாதத் தவணை, வரக்கூடிய மிகக் குறைந்த முதற் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ரூ. 7,136 தவணைக்கு ஏறக்குறைய ரூ. 28,500 சம்பளம் வேண்டும், ரூ. 5,286 தவணைக்கு ரூ. 21,000 போதும். கல்லூரியின் விளம்பரப் பலகையில் உள்ள மிக உயர்ந்த சம்பளத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சென்ற ஆண்டு அதே பாடப்பிரிவில் தேறிய நாற்பது பேரில் நடுவில் நின்ற இருபதாமவன் இன்று எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறான் என்று கேளுங்கள். விடை சொல்லாத கல்லூரி, சொல்லாமலே ஒரு விடை சொல்லிவிட்டது என்று கொள்ளலாம்.

கேட்ட எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். மொத்தக் கடன், தவணை தொடங்கும் நாளில் அது ஆகும் தொகை, மாதத் தவணை, இருபதாமவனின் சம்பளம் ஆகிய நான்கே எண்கள் போதும். அந்தத் தாளைப் பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து படிக்கட்டும். கணக்கு ஒத்துவந்தால் தயங்காமல் கையெழுத்திடலாம். ஒத்துவராவிட்டால் கல்லூரியை மாற்றலாம், பாதையை மாற்றலாம், ஓர் ஆண்டு பொறுக்கலாம். பிள்ளையின் ஆசையைக் கைவிடவேண்டிய அவசியம் இல்லை. கையெழுத்திட்ட பிறகு மாற்றக்கூடியவை மிகக் குறைவு; இடுவதற்கு முன் எல்லாவற்றையும் மாற்றலாம்.